ஆஷாடமும் ஆடியும் சேர்ந்த எட்டு நாள்

எங்கள் தொழிலுக்கு லீவு விடுவது பஞ்சாங்கம்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஆந்திரப் புத்தூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன் நான். பாதிக் கல்யாணம் தமிழ்க்காரர்களுடையது, பாதி தெலுங்குக்காரர்களுடையது. தமிழ்க்காரர்கள் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தெலுங்குக்காரர்கள் ஆஷாடத்தில் வைக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே மாதம்தானே என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரே மாதம் இல்லை. ஆஷாடம் முன்னால் பிறந்து, ஆடி அமாவாசையோடு முடிந்துவிடும். அதற்கடுத்து ஸ்ராவணம் பிறந்ததும் தெலுங்கு வீடுகளில் மேளம் கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நமக்கோ ஆடி இன்னும் முடிந்திருக்காது. ஆக, இரண்டு பக்கமும் கல்யாணம் இல்லாமல் என் குதிரைகள் சும்மா நிற்பது அந்த இரண்டும் சேருகிற சில நாட்கள்தான். அந்த வருஷம் எட்டு நாள் கிடைத்தது. வேறு மாதங்களிலும் இடைவெளி உண்டு. ஆனால் அப்போது மழையும் சேறுமாக இருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது கோயில் உற்சவத்துக்கு வந்து குதிரை கேட்பார்கள்.

அந்த எட்டு நாளில் எங்கேயாவது போக வேண்டும் என்ற பேச்சை ஆரம்பித்துவைத்தது என் மகளின் போன். அவள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அவள் அம்மாவுக்கு ஒரு வீடியோ காட்டினாள். எங்கோ மலைப்பக்கம் நாலைந்து பேர் கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் குதிரைமேல் கட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் போகிறார்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் குதிரைகளைக் கட்டிவிட்டு டீ போட்டுக் குடிக்கிறார்கள்.

"இதுக்கு டிரெயில் ரைடிங்னு பேரு. ஜனங்க காசு குடுத்துப் போறாங்க" என்றாள் மகள்.

"நம்ம கொட்டாய்ல மூணு நிக்குது. நாம எதுக்குக் காசு குடுக்கணும்? நாமளும் போலாம்யா" என்றாள் என் மனைவி.

போகலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ரெண்டு நாளில் மறந்துவிடுவாள் என்ற நம்பிக்கைதான்.

"நான் வெள்ளை மேல ஏறுவேன்" என்றாள் அடுத்தபடியாக. நான் கொட்டகைப் பக்கம் நழுவினேன்.

ஏன் நழுவினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு சாயங்காலம், அப்போது எங்களிடம் இருந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அவள் கேட்டாள், ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமா என்று. தெருவில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்டாட்டியை மேலே ஏற்றிவிட்டு இவன் கீழே கயிறு பிடிக்கிறான் பார் என்று சிரிப்பார்களே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அதைச் சொல்லத் தைரியம் இல்லை. "மாப்பிள்ளை குந்துற குதிரை. பொம்பளைங்க ஏறினா ராசி பூடும்னு நைனா சொல்லியிருக்காரு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் புத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டியவர். அவர் பேரைச் சொன்னால் குதிரை விஷயத்தில் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவளும் அதன் பிறகு கேட்கவில்லை.

அந்தப் பொய் எனக்கு நல்ல வசதியாகவும் இருந்தது. கல்யாண வீடுகளில் பெண்ணின் தோழிகள் செல்ஃபிக்காக ஏறுகிறேன் என்று வருவார்கள். அவர்களிடமும் அதையே சொல்லி அனுப்பினேன். நாளடைவில், 'பொம்பளை கால் படாத குதிரை' என்று என் குதிரைக்கே ஒரு பேர் வந்துவிட்டது. அதற்காகவே என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பத்தொன்பது வருஷம் ஓடியது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் நேராக நைனாவிடமே கேட்டுவிட்டாள்.

"மாமா, வெள்ளை மேல நான் ஏறக்கூடாதா? ராசி பூடும்னு நீங்க சொன்னீங்களாமே."

நைனாவுக்குக் காது மந்தம். கையிலிருந்த களியை வைத்துவிட்டு, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"நானா சொன்னேன்? எப்ப சொன்னேன்? உங்க அத்தை, அதான் இவன் அம்மா, நகரி சந்தைக்குக் குதிரை மேல குந்திக்கினுதான் போவா. நான் பின்னாலே மூட்டையத் தூக்கிக்கினு நடந்து போவேன். பொம்பளை ஏறினா ராசி பூடுமா? எந்த மடையன் சொன்னான்?"

மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே போய்ச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. என் மனைவி சிரிக்கவில்லை. எனக்கு ஊற்ற எடுத்த குழம்புக் கரண்டியைத் திரும்பச் சட்டியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்று நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் குதிரைகளிடம் சொன்னாள். "வெள்ளை, உங்க ஓனரு சாப்பிட வந்தா சாப்பிடச் சொல்லு" என்பாள். வெள்ளையும் காதை ஆட்டும். நான் போய்ச் சாப்பிடுவேன்.

நாலாம் நாள் பயணத்துக்கு ஏற்பாடு செய்கிற வேலையில் நானாகவே இறங்கினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. வேலை செய்யத் தெரியும்.

எங்களிடம் இருப்பவை மூன்று. வெள்ளை என்கிற பெட்டைக் குதிரை. அதைக் குட்டியிலேயே வாங்கி வந்தோம். பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள் என் மனைவி. செவலை என்கிற ஆண் குதிரை, எனக்கு. மூன்றாவது மட்டம் என்று நாங்கள் கூப்பிடுகிற மட்டக்குதிரை. அது கல்யாணத்தில் சின்னப் பிள்ளைகளைச் சுமக்கும், பயணத்தில் மூட்டை சுமக்கட்டும் என்று வைத்தோம்.

முதல் வேலை லாடம். தார் ரோட்டிலேயே நடந்து பழைய லாடமெல்லாம் பப்படம் மாதிரி தேய்ந்துகிடந்தது. மலையடிவாரத்துக் கல்லில் அதை நம்ப முடியாது. லாடம் அடிக்கிறவர் திருப்பதியிலிருந்து வர வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி மூன்று நாள் கழித்து வந்தார். புது லாடம் அடித்தால் குதிரை அதில் இரண்டு மூன்று நாளாவது நடந்து பழக வேண்டும். அதனால் புறப்படுகிற நாளைத் தள்ளிவைத்தேன். வீட்டுக்குள் மாட்டியிருக்கிற தேதிக் காலண்டரைப் பார்த்தேன். ஆடி எக்கச்சக்கமாக மிச்சம் இருந்தது. சனிக்கிழமை விடியற்காலை புறப்பாடு, அஞ்சு நாள் பயணம் என்று அறிவித்தேன்.

லாடக்காரருக்குக் காத்திருந்த முதல் நாளே சேணத்தில் கை வைத்தேன். எங்களிடம் இருப்பது கல்யாணச் சேணம். சிவப்பு வெல்வெட், ஜரிகை, கண்ணாடிச் சில்லு, முன்னாலும் பின்னாலும் தூக்கின மரக்கட்டை. அரை மணி நேரம் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வதற்காகச் செய்தது. அதில் அரை நாள் உட்கார்ந்தால் மாப்பிள்ளை முதலிரவே வேண்டாம் என்று ஓடிவிடுவான். செவலைக்கு மட்டும் ஒரு பழைய தோல் சேணம் இருந்தது. வெள்ளைக்காக, எங்கள் வீட்டு சோபாவின் ஒரு பக்கத்து மெத்தையைக் கிழித்து ஸ்பாஞ்சை எடுத்தேன். இரண்டு கோணிப்பைக்கு நடுவில் வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டேன். கம்பளியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் நாலு மணி நேரத்தில் முதுகில் புண் வந்துவிடும். அதனால் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். கால் வைக்கிற வளையத்தை அவள் உயரத்துக்கு ஏற்றபடி இரண்டு துளை மேலே ஏற்றினேன். அவள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோபாவை இன்னா பண்ணினே?" என்றாள். நாலு நாளில் எனக்குக் கிடைத்த முதல் பேச்சு அது. எனக்குச் சோபா போனதில் துளி வருத்தம் இல்லை.

அதன் பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து மூட்டை கட்டினோம். கொள்ளு, தவிடு, உப்பு. குதிரையின் வாயில் மாட்டுகிற கொள்ளுப்பை மூன்று. கட்டிப்போட முளைக்குச்சி, கயிறு. குளம்புக்கு வேப்பெண்ணெய், வார் உரசின இடத்தில் தடவத் தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சள். மூங்கில், தார்ப்பாய், கொசுவலை. பாத்திரத்தில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. பயணம் என்றால் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் இட்லிக்குண்டானை எடுத்து வைத்தாள். "ஏரிக்கரையில குந்திக்கினு இட்லி துன்னணும்னு எனக்கு ஆசை. உனக்கு வேணாம்னா துன்னாதே" என்றாள். குண்டான் மூட்டைக்குள் போனது.

அதோடு ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட்டும் போனது. அது இல்லாமல் முடியாது. வெள்ளை வேறெதிலும் தண்ணீர் குடிக்காது. ஏரியையே கொண்டுவந்து எதிரில் வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதை நீலப் பக்கெட்டில் மொண்டு வைத்தால் மடமடவென்று குடிக்கும். வளர்த்தவள் கொடுத்த செல்லம்.

மட்டத்துக்கு வேறொரு சாமர்த்தியம் உண்டு. வயிற்றுவாரை இறுக்கப் போனால் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். நாம் இறுக்கிவிட்டோம் என்று நினைத்து நகர்ந்ததும் மூச்சை விடும். வார் தொளதொளவென்று தொங்கும், மூட்டை சரியும். முதல் ஒத்திகையில் இட்லிக்குண்டான் தெருவில் உருண்டு ஓடியது. பிறகு இறுக்குவதும், கொஞ்ச நேரம் எங்கோ பார்ப்பதுபோல நிற்பதும், திடீரென்று மறுபடி இறுக்குவதுமாக நானும் அதை ஏமாற்றக் கற்றுக்கொண்டேன்.

அவள் ஏறுகிற ஒத்திகை காலையில் ஐந்தரைக்கு, தெருவில் ஆள் வருமுன் என்று வைத்தேன். ஆனால் எங்கள் தெரு அதற்குள்ளேயே எழுந்துகொண்டது. மகளின் பேண்ட்டும் மேலே சுடிதாருமாகத் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நின்றாள் என் மனைவி. ஏறாமல் வெள்ளையின் பிடரியையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று தைரியம் சொன்னாள். "புத்தூர்ல இருந்துக்கினு இன்னாத்துக்கு பயப்பட்றே? வுழுந்து எலும்பு முறிஞ்சாலும் கட்டு கட்ற எடம் கூப்பிட்ற தூரத்துல கீது. ஏறு!"

ஏறினாள். வெள்ளை திரும்பி, யார் என்று அவள் முழங்காலை முகர்ந்து பார்த்தது. பிறகு கால்களை அழகாகத் தூக்கிவைத்து நடந்தது. நாற்பது அடி நடந்து டக்கென்று நின்றது. கல்யாண ஊர்வலத்தில் நாற்பது அடிக்கு ஒரு தடவை போட்டோக்காரர் நிறுத்துவார். அதற்கு அது மட்டும்தான் நடை என்று தெரியும். தட்டிக் கொடுத்தால் இன்னொரு நாற்பது அடி. எந்த வீட்டு வாசலில் பந்தல் துணி தெரிந்தாலும் உள்ளே திரும்பப் பார்க்கும். காதுக்குப் பக்கத்தில் சரவெடி வெடித்தாலும் அசையாது, ஆனால் வயலிலிருந்து ஒரு கொக்கு எழுந்தால் நடுங்கிப் பின்னால் போகும். நாலு காலை ஒத்திகையில் நாற்பது அடி நூறானது, நூறு ஆயிரமானது. ஐந்தாம் காலை நாராயணவனம் ரோடு வரைக்கும் நிற்காமல் போய் வந்தார்கள். அவள் இறங்கும்போது முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் குற்றவுணர்வாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணி இருக்கும். மட்டத்தின் வயிற்றுக்கடியில் குனிந்து வாருக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ஆதிவாரம் சாயங்காலம் குர்ரம் ஒஸ்துந்தி கதா, அன்னா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குதிரை வந்துவிடும் அல்லவா என்று கேட்கிறார். நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் மாமா. எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டேன். இந்த ஞாயிறுதான் என்றார். சித்திரையிலேயே பேசி முடித்தது. தெலுங்குக் கல்யாணம் என்பதால் கொட்டகையில் மாட்டியிருக்கிற தெலுங்குக் காலண்டரில் குறித்திருந்தேன். பயணத்தைத் தள்ளிவைத்தபோது நான் பார்த்ததோ வீட்டுக்குள் இருக்கிற தமிழ்க் காலண்டரை. ஆடி முடிய நாள் இருக்கிறது, சரி. ஆனால் ஆஷாடம் அன்றைக்கே, அந்த வியாழக்கிழமை அமாவாசையோடே முடிகிறது. வெள்ளிக்கிழமை ஸ்ராவணம் பிறக்கிறது. இருபது வருஷமாக இந்த இரண்டு மாதத்தையும் பார்த்தே பிழைக்கிறவன் செய்யக்கூடிய தப்பா இது? வெட்கத்தில் போன்மேலேயே கோபம் வந்தது. தூக்கிப் போட்டேன், வைக்கோலில் விழுந்ததால் பிழைத்தது.

ஊர்வலத்துக்கு வெள்ளைதான் வேண்டும். பேசியதும் வெள்ளையைத்தான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒரு வீட்டுக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குள் போய்ச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "சரி, போய் வெள்ளையைக் குளிப்பாட்டு" என்று மட்டும் சொன்னாள். மூட்டைக்குள்ளிருந்து தன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். கடைசியாக இட்லிக்குண்டானை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் அதன் இடத்தில் வைத்தாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. கொட்டகைக்குப் போய் வெள்ளையின் பக்கத்தில் நின்றேன்.

புத்தி மெதுவாகத்தான் வந்தது. நாங்கள் போகத் திட்டமிட்ட வழி நாராயணவனம், கைலாசகோனை அடிவாரம், பிச்சாட்டூர் அணைக்கரை. அதற்கு அந்தப் பக்கம்தானே நாகலாபுரம்! வழக்கமாக வெள்ளையை மினி லாரியில் ஏற்றித்தான் அனுப்புவோம். இந்தத் தடவை நடத்தியே கூட்டிக்கொண்டு போனால் என்ன? சனிக்கிழமை புறப்பட்டால் ஒரு ராத்திரி வழியில் தங்கி, ஞாயிறு மத்தியானம் போய்ச் சேரலாம்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டாள். "அந்தக் கல்யாண வூட்டுக்காரங்களுக்கும் 'பொம்பளை ஏறாத குதிரை'ன்னுதானே சொல்லி வெச்சிருக்கே?"

ஆமாம் என்றேன். அதைக் கேட்டுத்தான் அவர்கள் வேறு இடம் பார்க்காமல் என்னிடம் வந்தார்கள்.

"ஊருக்கு வெளியே எறங்கிக்கோ. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"சரி, எறங்கிக்கிறேன்" என்றாள். குண்டான் மறுபடி மூட்டைக்கு வந்தது.

மட்டத்தின்மேல் இப்போது இரண்டு சுமை. ஒரு பக்கம் எங்கள் கூடாரமும் கொள்ளும், மறுபக்கம் வெல்வெட் சேணம், சலங்கை, தலைக் குஞ்சம், ஜரிகைக் குடை, வெள்ளையைக் குளிப்பாட்ட ஷாம்பு. இரண்டு பக்கமும் எடை சமமாக வரவேண்டும். அதற்காகக் கொள்ளுப்பையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பத்துத் தடவை மாற்றினோம். மகள் தாத்தாவோடு வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வாரை இன்னொரு வாட்டி இறுக்கு, அது மூச்சைப் புடிச்சிக்கினு நிக்குது" என்று அதட்டினார். இறுக்கினேன். மருமகள் தொட்டியில் ஏறி வெள்ளைமேல் உட்கார்ந்ததைப் பார்த்தபோது கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். சூரியன் அப்போது இன்னும் எழவே இல்லை.

அந்த ஒன்றரை நாளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை, எல்லாம் நன்றாகவே நடந்தது. காய்ப்பு முடிந்த மாந்தோப்புகளின் ஓரமாகவே போனோம். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கை காட்டினார்கள். வெள்ளை இரண்டு கொக்குக்கும் ஒரு ஆட்டுக்குட்டிக்கும் பயந்தது. மூன்று தடவையும் அவள் விழவில்லை. கழுத்தைத் தட்டி ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்தினாள். தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் ஏரிக்கரையை ஒட்டித் தங்கினோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறபோது தார்ப்பாய் எந்த மூலைக்கு? மூங்கிலோடு கிளம்பிவிட்டது. இரண்டு பேரும் துரத்திப் பிடித்துவந்து, கூடாரம் வேண்டாம் என்று அதையே விரித்து உட்கார்ந்தோம். அவள் ஆசைப்படி இட்லி வெந்தது. ஒரே ஒரு ஈடு, பாதி மணலோடு. "நல்லாகீதா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அத்தனை வருஷத்தில் சாப்பிட்ட எந்த இட்லியையும்விட நன்றாக இருந்தது. அப்படியே சொன்னேன்.

ஞாயிறு மத்தியானம் அந்த ஊர் தெரிந்தது. பந்தலும், ஒலிபெருக்கிப் பாட்டும். ஊர் எல்லையில் ஒரு புளியமரம். சொன்னபடி அவள் அங்கே கடிவாளத்தை இழுத்து நிறுத்தினாள். ஒரு காலை எடுத்து இந்தப் பக்கம் போடப் பார்த்தாள். ஒன்றரை நாள் உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தைச் சுளித்தாள். என்னைக் கை கொடுக்கக் கூப்பிடவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் நின்ற அந்த நாலு பேரின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் இவளைத் தரையில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது முன்பின் தெரியாத இன்னும் நாலு பேருக்காக, வலியோடு இறங்கச் சொல்கிறேன்.

"எறங்காதே" என்றேன்.

"இன்னாது?"

"எறங்க வேணாம். அப்படியே வா."

கல்யாண வீட்டு வாசலில் போய் நின்றோம். போனில் பேசிய மாமா வெளியே வந்தார். வெள்ளையைப் பார்த்தார், மேலே இருந்தவளைப் பார்த்தார், முகம் மாறியது.

"நுவ்வே செப்பாவு கதா, ஆடவாள்ளு எக்ககூடதனி?"

பெண்கள் ஏறக் கூடாது என்று நீதானே சொன்னாய் என்கிறார். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல ஏதாவது ஒன்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்குத் தெரியும். அப்படியொன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது.

"நான் சொன்னது பொய்ங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இவங்க என் வீட்டுக்காரம்மா. ஏறணும்னு ஆசையா கேட்டாங்க. ஊர் சிரிக்குமேன்னு பயந்து, ராசி அது இதுன்னு நானே கட்டிவிட்டேன். எங்க அம்மாவே அந்தக் காலத்துல ஏறியிருக்காங்க. குதிரையை வளர்த்ததே இவங்கதான். உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, திரும்பக் கூட்டிக்கினு போறேன்."

தெலுங்கில் பாதி, தமிழில் பாதி சொன்னேன். வெயிலில் வந்ததற்கு மேலே வியர்த்தது. மாமா பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா. என்னை மேலும் கீழும் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். வெள்ளையின் மூக்கைத் தொட்டார்.

"நேனு கூடா எக்கொச்சா?"

நானும் ஏறலாமா என்று கேட்டார்! மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. என் மனைவி இறங்கி, அந்த அம்மாளின் புடவையை ஒதுக்கிப் பிடித்து, காலை எங்கே வைப்பது என்று காட்டினாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குத் தெலுங்கு சந்தைப் பேச்சளவுதான். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. அந்த அம்மாள் சோபா ஸ்பாஞ்சின்மேல் உட்கார்ந்து பந்தலைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். கூடவே நடந்தவள் என் மனைவி. பெண்கள் விசில் அடித்தார்கள். சாயங்காலம் வெள்ளையைக் குளிப்பாட்டி, வெல்வெட்டும் சலங்கையும் கட்டினோம். மாப்பிள்ளை ஏறினான். ஊர்வலம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

திரும்பி வர இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். முதல் நாள் சாயங்காலம், செவலையின் பக்கத்தில் வெள்ளையைக் கொண்டுவந்து, "வேற எதுனா பொய் சொல்லி வெச்சிருக்கியா? இப்பவே சொல்லிடு" என்றாள். யோசித்துப் பார்த்து இல்லை என்றேன். அது நிஜம்தான்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நைனாவும் மகளும் வாசலுக்கு வந்தார்கள். எதிர்வீட்டு அம்மா, அவள் வீட்டுக்காரர், பால் வாங்க வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். நான் இறங்கி வெள்ளையின் கயிற்றைப் பிடித்தேன். அவள் இறங்கவில்லை. மேலே உட்கார்ந்தபடியே தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். எங்கள் ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். மதில்மேல் படர்ந்த அவரைக்கொடியில் இவ்வளவு பூ இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தொரு வயதில் அவள் பார்த்திருக்க வேண்டியது இது. அவளுக்கு இப்போது நாற்பது. நடுவில் போன வருஷங்களை யார் நினைத்தாலும் திருப்பித் தர முடியாது, அவற்றை எடுத்துக்கொண்டவன் நான்தான்.

மகள் அம்மாவுக்குக் கை கொடுக்க ஓடிவந்தாள். இருக்கட்டும், அவளாக இறங்கும்போது இறங்கட்டும் என்று சொல்லி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் எல்லோரும் பார்க்க நின்றேன்.